நூற்றியோராவது கேள்வி

வக்கீல் ஆகியே தீருவேன் என்று நிற்கும் பெண்ணுக்கு ஒரு மார்க் குறைந்தால் என்ன ஆகும் தெரியுமா? திங்கட்கிழமை முதல் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்ட வேண்டும். பிரம்மசக்தியின் நிலைமை அதுதான்.

பாளையங்கோட்டையில் சட்டக்கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையம் அது. 'மாதிரித் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தால் பயிற்சி இலவசம்' என்று வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. சக்தி எடுத்தது எண்பத்தொன்பது. காசு கட்டிப் படிக்க வீட்டில் வழியில்லை.

தப்பாய்ப் போன பதினொன்றில் பத்தை ஒப்புக்கொண்டாள். முப்பத்தேழாம் கேள்வியைத்தான் விழுங்க முடியவில்லை. 'மழை பெய்தால் ஆட்டம் நின்றுவிடும். இன்று மழை பெய்யவில்லை. ஆட்டம் நடந்ததா?' அவள் குறித்தது, 'சொல்ல முடியாது.' விடைக்குறிப்பில் இருந்தது, 'நடந்தது.' அடப்பாவிகளா! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே மையத்தை நடத்தும் செல்லத்துரை சாரிடம் போனாள். வாசல் பலகையை எழுதியதும் அவர்தான். இருபது வருஷம் கோர்ட்டில் வாதாடிய மனுஷர்.

"பந்து காணாமப் போனாலும் ஆட்டம் நிக்கும்ல சார்?"

"விடைக்குறிப்பு நான் போட்டது. அதுல தப்பு வராது." பிறகு கொஞ்சம் இரங்கி, விடைத்தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். "அதை அடிச்சிட்டு 'நடந்தது'ன்னு எழுது. ஒரு மார்க் தாரேன். சோலி முடிஞ்சுது."

ஜவுளிக்கடை கண்ணுக்குள் வந்து போனது. ஆனாலும், "தப்புன்னு தெரிஞ்சு எழுத மாட்டேன் சார்" என்றாள்.

"அப்போ கிளம்பு. தொண்ணூறு எடுத்தா இலவசம். நீ எடுக்கல. உனக்கு இல்லைன்னு பலகையே சொல்லிட்டுது!"

அவ்வளவுதான், சக்தி பேனாவை எடுத்தாள். எதையும் அடிக்கவில்லை. கடைசிக் கேள்விக்குக் கீழே புதிதாக ஒன்று எழுதினாள்: '101. தொண்ணூறு எடுத்தால் இலவசம். சக்தி தொண்ணூறு எடுக்கவில்லை. பலகைப்படி அவளுக்கு இலவசம் உண்டா, இல்லையா, சொல்ல முடியாதா?'

"இதுக்கு மட்டும் நீங்க விடை குறிங்க சார். நான் போயிடுறேன்."

சார் குறிக்கப் போனார். பேனா பாதியில் நின்றது.

வாசகரே, அவர் எதைக் குறித்தால் சரி? குறித்தபின் சக்தியின் மார்க் எவ்வளவு?

விடை: 'சொல்ல முடியாது' என்பதே சரி. தொண்ணூறு எடுக்காதவரைப் பற்றிப் பலகை வாயே திறக்கவில்லை. மழை பெய்யாத நாளைப் பற்றி முப்பத்தேழாம் கேள்வியும் அப்படித்தான். இதைக் குறித்தால் அதையும் சரியென்று ஒப்புக்கொண்டாக வேண்டும். அவள் மார்க் தொண்ணூறு. தொண்ணூறு எடுத்தால் என்ன கிடைக்கும் என்பது சார் கையெழுத்திலேயே வாசலில் தொங்குகிறது.