கூழைக்கடாவின் வாய் வழியாக

"கட்டடம் கூழைக்கடா மாதிரி இருக்கலாமா, நாரை மாதிரி இருக்கலாமா?" என்று கேட்டார் வேதாசலம்.

பொன்னரசி பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. உப்பங்கழியில் உட்கார்ந்தபடி கையால் தடவி இறால் பிடிப்பவள் அவள். பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியிருந்தாள். வாயைத் திறந்தால் அன்றைய இறால் அத்தனையும் போய்விடும்.

வேதாசலம் பெரிய கட்டடக் கலைஞர். வயது ஐம்பத்தெட்டு. பறவைகள் சரணாலயமான அந்தக் கழியின் கரையில் பார்வையாளர் மையம் கட்டும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. பொன்னரசியைக் கேட்காமல் ஒரு கோடுகூடப் போடாதீர்கள் என்று வன அதிகாரி சொல்லியனுப்பியிருந்தார். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அதில் அவருக்குக் கொஞ்சம் கடுப்புதான்.

கரையில் நின்றபடியே வரைபடத்தை விரித்துக் காட்டினார். அறுபதடி உயரக் கூழைக்கடா. மக்கள் அலகு வழியாக உள்ளே நுழைந்து வால் வழியாக வெளியே வருவார்கள். எந்த வழியாக வெளியே வருகிறார்கள் என்பதை அவர் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை.

பாவம், அவளால் சிரிக்கவும் முடியவில்லை.

அந்த மௌனத்தில் அவராகவே உண்மையைச் சொன்னார். முன்பு வேறொரு ஏரிக்கரையில் தாமரை வடிவில் ஒரு மையம் கட்டினாராம். விருதுகூடக் கிடைத்ததாம். அங்கே இப்போது பறவைகளைத் தவிர எல்லாரும் வருகிறார்கள். நினைத்தாலே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இதையும் கெடுத்துட்டேன்னா அப்புறம் பென்சிலையே தொட மாட்டேம்மா."

பொன்னரசி தண்ணீரைக் கையால் தட்டினாள். இறங்கச் சொல்கிறாள்.

இறங்கினார். தொடையளவு தண்ணீர். அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் குந்த வைத்தாள். இப்போது கழுத்தளவு. அவளைப் போலவே சேற்றைத் தடவிக்கொண்டு மெல்ல நகர்ந்தார். ஒரு மணி நேரத்தில் கையில் சிக்கியது ஒரே ஓர் இறால். அதுவும் குத்திவிட்டு நழுவிவிட்டது.

அப்போது ஒரு நாரை நடந்து வந்தது. அவர் காதுக்கு இரண்டு முழம் தள்ளி நின்று, தன் பாட்டுக்கு மீன் பிடித்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பறவையும் அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நாரையை இன்னும் நன்றாகப் பார்க்க ஆசைப்பட்டு எழுந்து நின்றார். அது பறந்துவிட்டது.

கரையேறியதும் பொன்னரசி பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவ்ளோ நேரம் உங்க பக்கத்துலயே நின்னுச்சே சார். நீங்க என்ன, நாரை மாதிரியா இருந்தீங்க?"

வேதாசலம் பையைத் துழாவி அளவு டேப்பை எடுத்தார்.

"தண்ணியில இருந்த மாதிரியே இங்க கொஞ்சம் குந்துங்கம்மா."

அவள் குந்தினாள். தரையிலிருந்து அவள் உச்சந்தலை வரை அளந்தார். வரைபடத்தில் அறுபதடி என்றிருந்ததை அடித்துவிட்டு, கூழைக்கடாவின் முதுகிலேயே எழுதிக்கொண்டார்.

இரண்டே முக்கால் அடி.