மூன்றாவது பானை

“அம்மா, இந்த மடத்துக்கு மூணாவதா ஒரு அணி வேணும்” என்றார் அம்பலவாணன்.

தேசிகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்தின் குரு அவர். அம்பலவாணனைவிட வயதில் இளையவர். அதை இருவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

“இருக்குற ரெண்டு போதாதா?”

“ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க.”

அவருடைய கோபம் நியாயமானதுதான்.

மடத்தை நடத்தும் பொறுப்புக்கு மணியம் என்று பெயர். ஒவ்வொரு விஜயதசமிக்கும் மணியம் யாருக்கு என்று மடத்தில் இருப்பவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். கிழக்குக் கட்டு அறைகளில் தங்குகிறவர்கள் ஓர் அணி, மேற்குக் கட்டு அறைகளில் தங்குகிறவர்கள் இன்னோர் அணி. முன்மண்டபத்தில் இரண்டு பானைகள். ஆளுக்கொரு புளியங்கொட்டை, பிடித்த அணியின் பானையில் போட. இந்த வருடம் இவர்கள் வந்தால் அடுத்த வருடம் அவர்கள். துறவுக்கு வந்த இடத்தில் இது எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். துறந்தவனுக்கும் சோறு வேண்டும், சோற்றுக்குக் கரண்டி வேண்டும், கரண்டி யார் கையில் என்பதில் சண்டை வேண்டும்.

மடத்துக்குப் பின்னால் நோயாளிக் கொட்டகை இருந்தது. கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்ற அம்பலவாணன்தான் அதைப் பார்த்துக்கொண்டார். அதன் கூரை ஒழுகும்.

வேய்ந்து தருகிறோம் என்று இரு அணியினரும் ஒவ்வொரு தேர்தலிலும் சொல்வார்கள். ஜெயித்ததும், முன்னால் இருந்தவர்கள் கெடுத்து வைத்ததைச் சரிசெய்யவே நேரம் போதவில்லை என்பார்கள். கூரையை வேய்ந்துவிட்டால் அடுத்த தேர்தலில் எதைப் பேசுவது?

போன ஐப்பசியில் ஒரு பெரியவர் கட்டிலோடு நனைந்தார். காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் மாரியாயி. நெஞ்சுச்சளி, மூச்சிரைப்பு, சொந்தம் என்று யாரும் இல்லை. இந்த ஐப்பசி அவள் முறையோ என்று அம்பலவாணனுக்குப் பயம். அந்தப் பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா வேய்ஞ்சிடுவாங்கம்மா.”

“மணியத்துல குரு தலையிடக் கூடாதுன்னு விதி. பானை எடுத்து வைக்கிறது மட்டும்தான் என் வேலை.”

“அப்போ மூணாவது பானை ஒண்ணு வைங்க.”

“யாருக்கு?”

“யாராவது நல்லவங்களுக்கு.”

தேசிகம்மாள் கீரையைக் கீழே வைத்தார். கொல்லைப்பக்கம் போனார். ஒரு பானையோடு வந்தார். அதன் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, மண்டபத்தில் மற்ற இரண்டு பானைகளுக்கு நடுவில் வைத்தார். பிறகு உட்கார்ந்து மீதிக் கீரையை ஆய்ந்தார்.

கயிறு கட்டிய பானையைத் தேர்தல் பூசைவரை யாரும் தொடக்கூடாது. அது மடத்து வழக்கம்.

கிழக்குக் கட்டுத் தலைவர் திருச்சிற்றம்பலம் வந்து பார்த்தார். “இது யாரோட பானை?”

“பானை” என்றார் தேசிகம்மாள்.

மேற்குக் கட்டுத் தலைவர் நல்லசாமி வந்து பார்த்தார். “யார் நிக்கிறாங்கம்மா?”

“பானை நிக்குது.”

மறுநாள் காலையில் கிழக்குக் கட்டு ஆட்கள் கொட்டகைக்கு மூங்கில் கொண்டுவந்து போட்டார்கள். மதியத்துக்குள் மேற்குக் கட்டிலிருந்து தென்னங்கீற்று வந்து இறங்கியது. திருச்சிற்றம்பலம் மாரியாயிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நல்லசாமி கம்பளி கொண்டுவந்தார்.

“மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னுதான் கேள்விப்பட்டிருக்கேன்” என்றாள் மாரியாயி. “ரெண்டு பக்கமும் தடவிக் குடுக்குறாங்களே, எனக்குக் கடைசிக் காலம் வந்துடுச்சா கம்பவுண்டரய்யா?”

அம்பலவாணன் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

பாதிக் கூரை ஏறியபோது தேர்தல் பூசை வந்தது; தேர்தலுக்கு இன்னும் சில நாள் இருந்தது. பூசையில் பானைகளில் நீர் நிரப்ப வேண்டும்.

முதல் பானை நிரம்பியது. அடுத்து நடுப்பானையில் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற அது நிரம்பவே இல்லை. தண்ணீர் மண்டபத்துத் தரையில் ஓடி நல்லசாமியின் காலை நனைத்தது.

மல்லிகைச் செடி வைப்பதற்காக அடியில் ஓட்டை போட்ட பானை அது.

திருச்சிற்றம்பலம் நல்லசாமியைப் பார்த்தார். நல்லசாமி திருச்சிற்றம்பலத்தைப் பார்த்தார். நேருக்கு நேர் பேசி வருடக்கணக்காகியிருந்த அந்த இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்று யாரும் கூரை ஏறவில்லை. மறுநாள் ஏணியைக் கிழக்குக் கட்டு எடுத்துப் போனது. மிச்சக் கீற்றை மேற்குக் கட்டு எடுத்துப் போனது. கம்பளியும் போனது.

அதற்கடுத்த நாள் மழை பெய்தது.

வேய்ந்த பாதிக்குக் கீழே அம்பலவாணன் கட்டில்களை நெருக்கிப் போட்டார். மாரியாயியின் கட்டிலுக்கு இடம் போதவில்லை. கால்மாடு வெளியே நீண்டது. அவள் முழங்காலை மடக்கிக்கொண்டு, “பரவால்ல, நான் குட்டைதான்” என்றாள். பிறகு வெகுநேரம் இருமினாள்.

அம்பலவாணன் நனைந்தபடியே குருவிடம் போனார்.

“ஓட்டைப் பானையை வச்சு என்னை ஏமாத்திட்டீங்களே அம்மா!”

“மூணாவது பானை கேட்டீங்க. வச்சேன்.”

“ஓட்டைன்னு தெரிஞ்சே வச்சீங்களா?”

“யாருக்குன்னு கேட்டேனே. நீங்க ஒரு பேர் சொன்னீங்களா?”

அம்பலவாணன் வாசற்படியிலேயே நின்றார். அவர் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நான் மருந்து குடுக்கறவன்” என்றார் கடைசியில். “எனக்கு எதுக்கும்மா இந்தச் சாக்கடை?”

“சரி.”

“நான் நின்னாலும் ஜெயிக்க மாட்டேன்.”

“சரி.”

“கிழக்குக் கட்டு ஆளுங்கதான் எனக்குக் கொஞ்சம் பழக்கம். அவங்க கொட்டையைத்தான் நான் பிரிப்பேன். மேற்கு உள்ள வந்துடும். அவங்க இவங்களைவிட மோசம்.”

“ரொம்ப மோசமா?”

“கொஞ்சம்.”

“கிழக்கு மணியத்துல மாரியாயி எவ்வளவு நனைவா?”

அம்பலவாணன் தலைகுனிந்தார்.

“மேற்கு மணியத்துல?”

தேசிகம்மாள் துண்டு ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் தலையைத் துவட்டவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். போன ஐப்பசியில் இறந்த பெரியவருக்காகவும், இத்தனை வருடம் அடுத்தவர் வந்து செய்யட்டும் என்று தான் சும்மா இருந்ததற்காகவும் அழுதார். தேசிகம்மாள் தடுக்கவில்லை.

பிறகு அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். கஞ்சி காய்ச்சும் பானையை எடுத்துக் கவிழ்த்தார். அடியை விரலால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. கரியைத் தேய்த்துக் கழுவினார்.

“கஞ்சிக்கு என்ன பண்ணுவீங்க?” என்று மாரியாயி கேட்டாள்.

“வேற பாத்திரம் பார்ப்போம்.”

மழைக்கு ஒதுங்கி மண்டபத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அவர் நடுவிலிருந்த ஓட்டைப் பானையை எடுத்து வெளியே வைத்தார். கஞ்சிப் பானையை அந்த இடத்தில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தரை காய்ந்தே இருந்தது.

“யார் நிக்கிறாங்க?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“நான்தான்.”

தேசிகம்மாள் வந்து பானையின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினார்.

மழை விட்டதும் அம்பலவாணன் கொட்டகைக்குத் திரும்பினார். ஏணி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. திருச்சிற்றம்பலம் கூரைமேல் உட்கார்ந்து கீற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நல்லசாமி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கம்பளி மறுபடியும் மாரியாயியின் மேல் இருந்தது.

“பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடுவோம் கம்பவுண்டரே” என்றார் நல்லசாமி. குரலில் தேன் சொட்டியது.

“ஒரு பொட்டு ஒழுகாது” என்றார் மேலிருந்து திருச்சிற்றம்பலம். “கூரைக்காகத்தானே நின்னீங்க? அதான் முடியுதே. போய்ப் பானையை எடுத்துடலாம்ல?”

அம்பலவாணன் ஒரு கீற்றை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“அடுத்த வருஷமும் மழை பெய்யுமே ஐயா.”