கொய்யா மரத்துக் காவல்

படுத்துக்கோ தாரணி. ராஜா ராணிக் கதையெல்லாம் உங்கம்மாவுக்குத்தான் வரும். அவ ஆஸ்பத்திரியில இருக்கா. பாப்பா பொறந்ததும் அவகூட இருக்கிற ஆயா ஃபோன் பண்ணும். அதுவரைக்கும் அப்பா கதைதான். பூச்சிமருந்துக் கடைக்காரனுக்குப் பூச்சிக் கதைதான் தெரியும்.

ஒரு ஊர்ல ஒரு கொய்யா மரம். மரத்துல ஒரு பச்சைப் புழு. இலையா தின்னு, றெக்கை முளைச்சு, பறக்கணும்னு அதுக்கு ஆசை.

— ம்.

ஆனா மேல் கிளையில குளவிக்கூடு. கூட்டம் கூட்டமா இருக்கும். கொய்ய்ங்னு சத்தம் கேட்டாலே புழுவுக்கு நடுக்கம். ஒருநாள் ஒரு குளவி வந்துச்சு. புழு இலைக்கு அடியில ஒட்டிக்கிச்சு. தப்பிச்சுது. அப்புறம் ரெண்டு வந்துச்சு. சர்ர்ருனு நூல் விட்டுத் தொங்கிச்சு. தப்பிச்சுது. பக்கத்து இலைப் புழுவைத்தான் கடிச்சு உருட்டி, குஞ்சுகளுக்குத் தூக்கிட்டுப் போச்சுங்க.

— ம்.

மூணாவதா ஒண்ணு வந்துச்சு. எறும்பு மாதிரி சின்னது. கூட்டமில்ல, கூடில்ல, சத்தமில்ல. "நீயும் குளவியா?"ன்னு புழு கேட்டுச்சு. "ஆமா. ஆனா நான் யாரையும் தூக்கிட்டுப் போகமாட்டேன். உன் முதுகுல கொஞ்சம் உக்காந்துக்கறேன்"னுச்சு. சுருக்குனு ஒரு குத்து. போயிருச்சு.

— முட்டை போட்டுருச்சா?

உனக்கெப்படித் தெரியும்?

— கடையில ஒரு மாமாகிட்ட நீ சொன்னியே.

சரி. அப்புறம் புழு தின்னதெல்லாம் உள்ள இருக்கிற குஞ்சுங்களுக்கு. வயிறு கனமாச்சு...

— அம்மா மாதிரி.

வேற கதை சொல்லட்டுமா?

— இதையே சொல்லு.

அப்புறம்... குஞ்சுங்க புழுவோட தோலைத் துளைச்சுக்கிட்டு வெளிய வந்து, பக்கத்துலயே குட்டிக் குட்டியா கூடு கட்டிக்கிச்சுங்க. புழு சாகலை. அதுங்க மேல போர்வை மாதிரி தன் நூலைச் சுத்துச்சு. காவல் நின்னுச்சு. அப்போ, கொய்ய்ங்! மேல் கிளைக் குளவி. இந்தத் தடவை புழு ஒளியலை. தலையை விசுக் விசுக்குனு வீசுச்சு. "இதெல்லாம் உன் குஞ்சா?"ன்னு குளவி கேட்டுச்சு. "என்னோடதுதான், போ"ன்னுச்சு.

— அப்புறம் அது இலை தின்னுச்சா?

இல்ல கண்ணு.

— ஏம்ப்பா?

காவல்ல இருந்துச்சுல்ல.

— அப்போ செத்துருச்சா?... அப்பா?

உங்கம்மா ஒண்ணும் புழு இல்ல, தாரணி.

— தெரியும். நீ ஏன் ஃபோனையே பாக்கற?

சும்மாதான்.

— தள்ளு, மீதியை நான் சொல்றேன். அப்புறம் அந்தப் புழு ஒரு இலை தின்னுச்சாம். இன்னொரு இலை தின்னுச்சாம். நல்லாத் தூங்குச்சாம். றெக்கையோட வீட்டுக்கு வந்துருச்சாம். ம் சொல்லுப்பா.

ம்.

— அவ்ளோதான் கதை. நீ தூங்கு. ஃபோன் அடிச்சா நான் எழுப்பறேன்.