நான்காவது கோர்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. இதில் இருவருக்குமே ஆட்சேபம் கிடையாது. சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை சார் என்பார்.

குருவின் பெயர் ரூபாவதி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் மாடி அறையில் உட்கார்ந்து, மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் ஏறும் என்று கணக்குப் போடுகிறவர். அதற்கு வேண்டிய பெரிய கணினி அவரிடம் இல்லை. பல ஊர்க்காரர்கள் தங்கள் கணினி சும்மா இருக்கும் நேரத்தை இவருக்குக் கொடுக்கிறார்கள். கணக்கைத் துண்டு துண்டாக்கி அனுப்பினால், அவை போட்டுத் திருப்பி அனுப்பும். கூலி கிடையாது. வருஷக் கடைசியில் ஒரு நன்றிக் கடிதம், அவ்வளவுதான்.

சீடர் அருளப்பன். கணிதப் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, எந்தத் துண்டை எந்தக் கணினிக்கு எப்போது கொடுப்பது என்று கற்றுக்கொள்ள வந்தவர்.

ஒரு கணினிக்குள் நாலு ஆள் மாதிரி நாலு கோர் இருக்கும். சின்னத் துண்டுக்கு ஒரு கோர் போதும். பெரிய துண்டுக்கு நாலும் ஒரே நேரத்தில் வேண்டும். ஒரு கோர் காலியானதும் அடுத்த சின்னத் துண்டு ஏறிக்கொள்ளும். பெரிய துண்டு, கூட்டமான பஸ்ஸில் சேர்ந்து உட்கார இடம் தேடும் குடும்பம் போல நின்றுகொண்டே இருக்கும்.

அருளப்பன் இதற்கு ஒரு விதி எழுதினார். பெரிய துண்டு வந்துவிட்டால், காலியாகும் கோரை வேறு யாருக்கும் கொடுக்காதே. பிடித்து வை. நாலும் சேர்ந்ததும் தொடங்கு. அறையிலிருந்த கணினிகளில் அது அழகாக ஓடியது. திங்கட்கிழமை மதியம் எல்லா ஊர்களுக்கும் அனுப்பினார். அடுத்த திங்கட்கிழமை காலைக்குள் வெள்ள வரைபடம் கலெக்டர் ஆபீஸுக்குப் போயாக வேண்டும். எந்தத் தெரு ஜனங்களை முதலில் வெளியேற்றுவது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

வியாழக்கிழமை மதியம் பார்த்தபோது, கணினிக்கு ஒன்றாகப் போன நாற்பத்தொரு பெரிய துண்டுகளும் தொடங்கவே இல்லை. அருளப்பன் ரூபாவதியின் மேஜைக்கு ஓடினார்.

"மேடம், நாலாவது கோர்ல ஏதோ சின்ன வேலை இன்னும் உட்கார்ந்திருக்கு. பாதியில நிறுத்தச் சொல்லி உத்தரவு அனுப்பிடட்டுமா?"

ரூபாவதி கணினி தருகிறவர்களின் பட்டியலைத் திறந்தார். அதில் ஒரு பெயரைப் பார்த்து போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். பரமக்குடியில் டிடிபி சென்டர் நடத்தும் ஜெய்லானி எடுத்தார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் மேடம். மூணு நாளா உங்க வேலை ஒண்ணும் ஓடலையே. முடிஞ்சுபோச்சா? மிஷினை அணைச்சிடவா?"

"உங்க மிஷின் நாலு கோர்தானே பாய்?"

"ஆமா. மூணு உங்களுக்கு விட்டிருக்கேன். ஒண்ணு என் வேலைக்கு. கல்யாணப் பத்திரிகை யார் அடிக்கிறது?"

அருளப்பன் போனருகே குனிந்தார்.

"சார், ஒரு ரெண்டு நாளைக்கு அந்த ஒண்ணையும் தர முடியுமா? மழைக்கு முன்னாடி முடிச்சாகணும்."

ஜெய்லானி ஆர்டர் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு ரெண்டு பத்திரிகை, ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருக்கு. அவங்களை வேற கடைக்கு அனுப்பணும். சரி, நீங்க கேட்கிறீங்க, தர்றேன்."

"வேண்டாம் பாய்," என்றார் ரூபாவதி. "மூணு போதும். மிஷினை மட்டும் அணைக்காதீங்க."

போனை வைத்துவிட்டு, பெரிய துண்டுக்குள் 'நாலு' என்று எழுதியிருந்ததை எடுத்தார். எத்தனை கோர் தரப்பட்டிருக்கிறதோ அத்தனையில் ஓடு என்று மாற்றினார். திருத்தம் நாற்பத்தொரு கணினிகளுக்கும் போனது.

அருளப்பன் பட்டியலைத் திறந்தார். 'மொத்தம்' என்ற பத்தியில் எல்லாருக்கும் நாலு. அதற்குப் பக்கத்திலேயே 'தருவது' என்ற பத்தி இருந்தது. மூணு, மூணு, ரெண்டு, மூணு. ஒருவர்கூட நாலு எழுதவில்லை. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் கணித வாத்தியார் வாய் சும்மா இருக்குமா?

"நாலுல முப்பது மணி நேரத்துல முடியும். மூணுன்னா நாற்பது ஆகும் மேடம்."

"திங்கட்கிழமையிலேர்ந்து எத்தனையில ஓடிச்சு சார்?"

அருளப்பன் பட்டியலை மூடினார்.

சனிக்கிழமையே துண்டுகள் திரும்பி வரத் தொடங்கின. ஞாயிறு மாலைக்குள் முப்பத்தொன்பது வந்தன. ரெண்டு கணினிகளை வெள்ளிக்கிழமையே யாரோ அணைத்துவிட்டார்கள். அந்த ரெண்டு துண்டையும் அன்றைக்கே அறையிலிருந்த கணினிகளில் போட்டார்கள். திங்கள் காலை எட்டரைக்கு வரைபடம் போய்ச் சேர்ந்தது.

கேன்டீனில் டீ குடிக்கும்போது அருளப்பன் கேட்டார்:

"ஒரு சந்தேகம் மேடம். பரமக்குடிக்காரர் தர்றேன்னுதானே சொன்னார்? ஏன் வேண்டாம்னீங்க?"

ரூபாவதி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அடுத்த வருஷ மழைக்கும் அந்த மூணு நமக்கு வேணும் சார்."