கீழைத்தெருவின் நான்கு முக்காலிகள்

பேதிநோய்க்கு இன்னும் யாரும் பெயர்கூட வைக்காத முன்னொரு காலத்தில், ஒரு சின்னத் தலைநகரம் இருந்தது. அரண்மனை, கடைவீதி, குடியிருக்கும் தெருக்கள் சில, அவ்வளவுதான் ஊர். ஊர்க் காரியங்களைப் பார்க்க ஒரு சபை இருந்தது. கிணற்றில் தூர் வாருவது, தெருவிளக்குக்கு எண்ணெய் அளப்பது, சந்தை எடைக்கற்களைச் சோதிப்பது, அவிழ்த்துக்கொண்டு திரியும் மாட்டைப் பட்டியில் அடைப்பது எல்லாம் சபையின் வேலை. சபை சம்மதிக்காமல் ராஜாவே ஒரு சாக்கடைக் கல்லை நகர்த்த மாட்டார்.

சபையில் ஏழு பேர், ஏழு முக்காலி. யாராவது ஒன்றை முன்வைத்தால், "மறுக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லாதவர் எல்லோரும் சம்மதித்தவர்கள் என்பது அங்கே வழக்கம். பேச்சு நீண்டு சமையல் நேரம் கடந்துவிடக் கூடாதென்று எவரோ செய்துவைத்த ஏற்பாடு.

அந்த ஏழில் நான்கு முக்காலி கீழைத்தெருவுக்கு உரியவை. அந்தப் பேதிநோய் ஊருக்கு வந்தபோது அந்தத் தெருவில்தான் முதலில் நுழைந்தது. நால்வரும் போனார்கள். அவர்களுக்குப் பதிலாக ஆள் தேர்ந்தெடுக்கத் தெருவில் போதிய ஆளும் இல்லை. முக்காலிகளை எடுத்துவிடலாமா என்று ஒருநாள் பேச்சு வந்தது. "எடுத்துட்டா அவுக எங்கன உக்காருவாக?" என்று சபைச் சேவகன் இருளப்பன் கேட்டான். முக்காலிகள் அப்படியே இருந்தன. அவன் பாட்டுக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த நான்கு இடத்திலும் வெற்றிலை வைப்பான், செம்பில் தண்ணீர் வைப்பான். கூட்டம் முடியும்போது தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கும். வெயில் காலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

அரண்மனை விகடன் ஆவுடையானும் கீழைத்தெருக்காரன்தான். ராஜாவோடு வேட்டைக்குப் போயிருந்ததால் தப்பினான். திரும்பி வந்தபோது அவன் மனைவியும் மகளும் இல்லை. அதன்பிறகு குதிரை லாயத்தை ஒட்டிய அறையில் படுத்துக்கொண்டான். சபையில் முன்போலவே எல்லோரையும் சிரிக்க வைத்தான். தன் வீட்டுக் கதவை மட்டும் திறக்கவில்லை. திறக்காமலே, வீடு அங்கே நிற்கிறது என்ற நினைப்பில் நாட்களைத் தள்ளினான்.

ஒருநாள் ராஜா மாடியில் உலாவினார். விளக்கு வைக்கும் நேரம். ஊரெல்லாம் வெளிச்சம் எழுந்தது. கீழைத்தெரு மட்டும் அப்படியே கிடந்தது.

"அந்த இருட்டு நம்மையே பார்ப்பது போல இருக்கிறது. இனி அது என் கண்ணில் படக்கூடாது" என்றார்.

முதல் மந்திரியான பிரதானி திருமேனி ராயர் அருகில் நின்றார். ஆவுடையானைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தாம் நாள்முழுக்க யோசித்துச் சொல்வதை ராஜா மறந்துவிடுவார். அவன் போகிற போக்கில் சொல்வதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கும்.

"மகாராஜா, தெருவை இடித்துத் தரைமட்டமாக்கி யானை பழக்கும் திடலாக்கிவிடலாம். சபையின் சம்மதத்தை அடியேன் வாங்கித் தருகிறேன்" என்றார் ராயர்.

மறுநாள் பிற்பகல் சபை கூடியது. ராஜாவும் வந்திருந்தார். ராயர் தீர்மானத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சபைத் தலைவர் நல்லதம்பி மூப்பனார், "மறுக்கிறேன்" என்றார். உயிரோடிருந்த மற்ற இருவரும் மறுத்தார்கள்.

ராயர் காலி முக்காலிகளின் பக்கம் திரும்பி, "கீழைத்தெருப் பெரியோர்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று பணிவாகக் கேட்டார்.

ராயர் விரல்விட்டு நான்கு எண்ணினார்.

"மறுப்பு இல்லை. நால்வர் சம்மதம், மூவர் மறுப்பு. தீர்மானம் நிறைவேறியது."

"அட பாவி மனுசா!" என்று வாசலில் ஒரு பெண்குரல் எழுந்தது. ஆவுடையானைத் தவிரக் கீழைத்தெருவில் எஞ்சிய ஒரே ஆள் உலகம்மை. தினமும் சாயங்காலம் எல்லா வீட்டு வாசலையும் பெருக்கி, ஒவ்வொரு கதவிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவள். "அவுக வீட்ட இடிக்க அவுகளையே சாட்சிக்குக் கூப்பிடுதீரா?"

ராயர் ஆவுடையானைப் பார்த்துப் புன்னகைத்தார். "விகடரே, இதற்கு ஒரு வேடிக்கை சொல்லுமே."

ஆவுடையானுக்குத் தன் வீட்டுச் சுவரில் யானை முட்டுவது போல ஒரு கணம் தோன்றியது. பிறகு எழுந்து கும்பிட்டான்.

"வேடிக்கை எதற்கு, பிரபு? தாங்கள் சொன்னது முழுக்க முழுக்க வழக்கப்படி சரி. மிச்சத்தையும் வழக்கப்படி செய்துவிட்டால் போதும்."

"எந்த மிச்சம்?"

மூப்பனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆமாம், ராயரே. தீர்மானத்தை ஜெயித்தவர் அன்று பொழுது சாய்வதற்குள் தம் பக்கம் நின்றவர்களின் முக்காலியைத் தாமே சுமந்து, அவரவர் வீட்டில் கொண்டு சேர்க்க வேண்டும். வீட்டுக்காரர் கையால் ஒரு வாய் உண்ண வேண்டும். அவர் 'போதும், போய் வாரும்' என்ற பிறகுதான் எழுந்திருக்கலாம். அதற்கப்புறம்தான் தீர்மானம் செல்லும். யாருடைய சம்மதத்தில் ஜெயித்தோம் என்பது மறந்துவிடக் கூடாது, பாருங்கள்."

ராஜாவுக்கு ஆவல் பிடித்துக்கொண்டது. "நாமும் வருகிறோம்" என்று எழுந்தார்.

முதல் முக்காலியை ராயர் தூக்கினார். வெறும் பலாமரம். தெரு முனை திரும்பியதும் தோள் மாற்றினார். சிறிது தூரத்தில் மறுபடி மாற்றினார். "கனக்கிறதா, பிரபு? அவருக்குக் கொஞ்சம் பெருத்த உடம்பு" என்றான் ஆவுடையான். கூட வந்தவர்களில் யாரும் சிரிக்கவில்லை.

கீழைத்தெரு சுத்தமாக இருந்தது. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. கோலமில்லாத வாசல்களில் துடைப்பத்தின் வரிகள் மட்டும் புதிதாகத் தெரிந்தன. முதல் வீட்டின் முன்னால் ராயர் முக்காலியை இறக்கினார்.

"வீட்டில் யார்? உள்ளே வரலாமா?" என்று கேட்கச் சொன்னான் ஆவுடையான். ராயர் கேட்டார். பதில் இல்லை.

"பார்த்தீர்களா, மறுக்கவில்லை. வரச் சொல்கிறார். போங்கள், பிரபு."

உள்ளே இருட்டும் பழைய சாம்பல் வாசனையும் இருந்தன. உலகம்மை தரையைத் துடைத்து இலை போட்டாள். "இலை நான் போடுதேன். பரிமாறுதது வீட்டுக்காரங்க பாடு" என்று சொல்லி வெளியே வந்து நின்றுகொண்டாள். ராயர் தனியாக உட்கார்ந்தார். வாசலில் ராஜாவும் சபையும்.

நேரம் போயிற்று. வெளியில் ஒரு மர இலைகூட அசையவில்லை. உள்ளே வாழை இலையின் நுனி மெல்ல எழும்பித் தாழ்ந்தது.

"விகடரே..." ராயரின் குரல் இறங்கியிருந்தது. "நான் எழுந்திருக்கலாமா?"

"அதை என்னிடம் கேட்கலாமா? வீட்டுக்காரரிடம் கேளுங்கள்."

"ஐயா, நான்... நான் இங்கேயே இருக்க வேண்டுமா?"

பதில் இல்லை.

"மறுக்கவில்லையே, பிரபு. இருக்கச் சொல்கிறார். எவ்வளவு பிரியம் பாருங்கள்! இது ஒரு வீடுதான். 'போய் வாரும்' என்று அவர் சொன்னதும் அடுத்த வீட்டுக்குப் போகலாம். சொல்லும்வரை சாவகாசமாக இருங்கள்."

அப்போது அடுக்களைப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. பாத்திரத்தில் அகப்பை உரசும் சத்தம். எலியாக இருக்கலாம்.

ராயர் இலையை மிதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார். தலைப்பாகை உள்ளேயே விழுந்துவிட்டது. "செத்தவன் எப்படியடா பரிமாறுவான்? செத்தவன் எப்படியடா போகச் சொல்வான்? நால்வரும் செத்துவிட்டார்கள்! செத்தவனுக்கு ஏது வாய்?" என்று அலறினார்.

ஆவுடையான் ராஜாவின் பக்கம் திரும்பிக் கைகட்டி நின்றான். "மகாராஜா, பிரதானியே சொல்லிவிட்டார். வாய் இல்லாதவர்கள் மறுக்கவும் முடியாது, சம்மதிக்கவும் முடியாது. அப்படியானால் இந்தத் தீர்மானத்துக்கு இருப்பது மூன்று மறுப்பு மட்டும்."

ராஜா ராயரின் மொட்டைத் தலையைப் பார்த்தார். முதலில் மீசைக்குள் சிரித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூப்பனார் சிரித்தார், இருளப்பன் சிரித்தான், உலகம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கீழைத்தெருவில் வெகுநாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

"தெரு நிற்கட்டும்!" என்று ராஜா தம் கையிலிருந்த கடகத்தைக் கழற்றி ஆவுடையானின் கையில் பூட்டினார். "இனிமேல் பேசுகிறவர்கள் மட்டும் சபையில் கணக்கு."

சிரிப்பு மெல்ல அடங்கியது. எல்லோரும் ஓய்ந்த பிறகு, பக்கத்து வீட்டுக்குள் ஒரு சின்னக் குரல் தனியாகச் சிரித்தது.

ராஜாவின் முகம் மாறியது. "போகலாம்" என்றார். கூட்டம் வேகமாக நடந்தது. ராயர் எல்லோருக்கும் முன்னால் போனார்.

ஆவுடையான் நகரவில்லை. பக்கத்து வீடு அவனுடையது. அவன் மகள் எப்போதுமே அப்படித்தான். வேடிக்கை விளங்க அவளுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் சிரிப்பாள்.

"கேட்டுதா, அண்ணாச்சி?" என்றாள் உலகம்மை. "எனக்கு தெனமும் கேக்கும். உங்ககிட்ட சொன்னா தாங்க மாட்டியளேன்னு சொல்லல."

அவன் தலையசைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்தான்.