எழுபத்தெட்டு கிலோ ஆள்

சூலூருக்குத் தெற்கே, கோழிப்பண்ணைகளுக்குப் பின்னால் ஒரு செம்மண் டிராக் இருக்கிறது. மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் அந்த மண்ணில் மோட்டோகிராஸ் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் ஜெசிந்தா. வயது முப்பத்தொன்று. ரேஸில் ஜெயித்த கோப்பைகளில் ஸ்பேனர்களைப் போட்டு வைத்திருப்பாள். விழுந்து உடைந்த முட்டிக்குள் ஒரு இரும்புத் தகடு உண்டு. வாயில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

அவளுடைய சீடர் சென்னியப்பனுக்கு வயது நாற்பத்தாறு. பேக்கரிக்காரர். அவர் கடைத் தேங்காய் பன்னுக்குக் காலையிலேயே கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தில் முதல் ஆளே அவர்தான். அவளை 'குருவே' என்று கூப்பிடுவார். அவள் அவரை 'அண்ணா' என்பாள். யார் யாருக்கு மரியாதை கொடுப்பது என்று அங்கே யாரும் குழம்பியதில்லை.

ஒரு நாள் சென்னியப்பன் கேட்டார். "குருவே, என் வண்டிக்கு எந்த சஸ்பென்ஷன் வாங்கிப் போடலாமுங்க?"

ஜெசிந்தா செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப இருக்கறதுக்கு என்னங்ணா?"

"பெரிய மேட்டுல தாவி எறங்கறப்ப அடியில டங்குன்னு இடிக்குது. பல்லே ஆடுதுங்க."

"உங்க எடை?"

"எழுபத்தெட்டு."

அவள் தலையைத் தூக்கி அவரை ஒரு தடவை பார்த்தாள். மறுபடி செயினைப் பார்த்தாள்.

"கம்பெனியில இருந்து வர்றப்பவே எழுபத்தெட்டு கிலோ ஆளுக்குத்தான் ஸ்பிரிங் போட்டு அனுப்பறாங்க. ஒண்ணும் வாங்க வேண்டாம். சத்தம் நிக்கற வரைக்கும் அந்த மேட்டுல தாவாதீங்க. மெதுவா உருட்டிட்டு எறங்குங்க."

சென்னியப்பன் உருட்டவில்லை. தாவினார். டங்.

அடுத்த வாரம் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்த கண்.

"குருவே, முன்சக்கரத்துக்கு இந்த ஃபோர்க்கைப் பாருங்க. சுவீடன்ல இருந்து வருது. தங்கக் கலரு."

"எடை?"

"அது ஆளு தூக்கற எடைதானுங்க, ஒரு அஞ்சாறு கிலோ..."

"உங்க எடைங்ணா."

"எழுபத்தெட்டு."

"அப்ப வேண்டாம்."

அதற்கடுத்த வாரம், தனியாகக் கேஸ் டப்பா வைத்த ஷாக் அப்சார்பர். எடை? எழுபத்தெட்டு. வேண்டாம். அதற்கும் அடுத்த வாரம், இருக்கிற ஃபோர்க்கின் உச்சியில் உள்ள திருகையாவது இறுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"இறுக்குங்க," என்றாள்.

இறுக்கினார். டங். இன்னும் கொஞ்சம் இறுக்கினார். டங். பண்ணைக் கோழிகள் முதலில் அந்தச் சத்தத்துக்குக் கத்திக்கொண்டிருந்தன. பிறகு அதுகளும் விட்டுவிட்டன.

அந்த எழுபத்தெட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியை வாங்கிய அன்றைக்கு அவர் மனைவி வசந்தாமணி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "டாக்டர் சொன்ன மாதிரி எண்பதுக்குக் கீழ இருங்க. அதுக்கு மேல ஏறுனா வண்டிய வித்துருவேன்." வசந்தாமணி வித்துருவேன் என்றால் விற்றுவிடுவாள். அவருடைய பழைய ஜீப் அப்படித்தான் போனது.

டைஃபாய்டு வந்து படுத்த சமயத்தில் சென்னியப்பன் எழுபத்தெட்டைத் தொட்டார். எடை மெஷின்மேல் ஏறி நின்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அதோடு அந்த எண் நிலைத்துவிட்டது. அவர்தான் நிலைக்கவில்லை.

மனுஷனைத் திட்டவும் மனசு வரவில்லை. விடியும் முன்னே அடுப்பைப் பற்றவைத்தால் கடை சாத்தும் வரைக்கும் யாராவது அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வண்டிமேல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. அதுவும் போய்விட்டால் தனக்கென்று ஒன்றுமே இல்லை என்று அவருக்குப் பயம். நிஜமான பயம்.

நாற்பது தாண்டியவர்களுக்கான ரேஸ் ஒன்று அந்த டிராக்கில் ஞாயிற்றுக்கிழமை நடக்க இருந்தது. அதற்கு முந்தைய வாரம் பெரிய மேட்டிலிருந்து இறங்கும்போது டங் என்றது. ஹேண்டில்பார் கையைவிட்டுத் துள்ளி, சென்னியப்பன் மண்ணில் உருண்டார். இடது மணிக்கட்டு பன் மாதிரி உப்பிவிட்டது. வீட்டில் போய், அடுப்புத் தட்டு கைமேல் விழுந்துவிட்டது என்றார்.

சனிக்கிழமை காலையில் வசந்தாமணி செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க மணி?"

"நாளைக்கு ரேஸுன்னா இன்னைக்கு நான் பாக்கோணும். விழுந்தெந்திரிக்கிற வண்டின்னா எனக்கு வேண்டாம். வித்துரலாம்."

டிராக்கில் மனைவியை வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, சென்னியப்பன் ஷெட்டுக்கு ஓடி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குருவே, அவ வந்திருக்கா. அந்த மேட்டுல விழுந்தேன்னா வண்டி போச்சு. எந்த சஸ்பென்ஷன்னு இப்பவாவது வாயத் தொறந்து சொல்லுங்க. எவ்வளவு ஆனாலும் சரி!"

"எடை?"

சென்னியப்பன் வேப்பமரத்துப் பக்கம் பார்த்தார்.

"எழுபத்தெட்டு," என்றார், இருந்த குரலையும் விழுங்கிக்கொண்டு.

ஜெசிந்தா ஸ்பேனரைக் கோப்பைக்குள் போட்டுவிட்டுப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்குப் போனாள். ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். அதில் இரண்டு மூட்டைக் கோழித் தீவனமும் பண்ணையின் எடை மெஷினும் இருந்தன.

மெஷினைத் தரையில் வைத்தாள். மூட்டைகளை ஏற்றினாள். ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, மொத்தம் எழுபத்தெட்டில் வந்து நிற்கும்வரை தீவனத்தை அள்ளி வெளியே கொட்டினாள். சென்னியப்பன் மெஷின்மேல் கால் பட்டுவிடாதபடி தள்ளித் தள்ளி நின்று உதவி செய்தார்.

மூட்டைகள் இரண்டையும் வண்டி சீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கயிற்றால் கட்டினாள். சென்னியப்பனின் பூட்ஸ் இரண்டையும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டாள். மார்புக் கவசத்தை மாட்டினாள். உச்சியில் அவருடைய ஹெல்மெட்டைக் கவிழ்த்தாள்.

வசந்தாமணிக்கு நிழலில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

"ஏங்கண்ணு, இது யாரு?"

"எழுபத்தெட்டு கிலோ சென்னியண்ணனுங்க, அக்கா."

"மூக்கும் முழியுமாத்தான் இருக்காரு."

ஜெசிந்தா வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்துக்கும் சீட்டுக்கும் நடுவே கையை வைத்து அளந்தாள்.

"ஆளு உக்காந்தா அரைச் சாண் எறங்கோணும். பாருங்கக்கா. அரைச் சாண்தான். ஸ்பிரிங் நல்லா இருக்கு."

மூட்டைகளை இறக்கினாள். பூட்ஸையும் கவசத்தையும் ஹெல்மெட்டையும் சென்னியப்பனிடம் நீட்டினாள். அவர் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. அளந்தாள். அரைச் சாணுக்கு மேல் இன்னும் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

வசந்தாமணி குனிந்து பார்த்தாள்.

"மூட்டை உக்காந்தாச் சரியா இருக்குது. இவரு உக்காந்தா ஏன் இப்படி எறங்குது?"

"ரெண்டு காரணம் இருக்கலாமுங்கக்கா. ஸ்பிரிங் இப்பத்தான் கெட்டிருக்கலாம். அப்படின்னா அண்ணா ஆசைப்பட்ட தங்கக் கலரு ஃபோர்க்கு, கேஸ் டப்பா ஷாக்கு, ரெண்டையும் இன்னைக்கே சொல்லிரலாம்."

"இன்னொரு காரணம்?"

"அது அண்ணாவுக்குத் தெரியும்."

சென்னியப்பனுக்கு ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது. ஸ்பிரிங்தான் கெட்டுவிட்டது என்று சொல்ல வாய் திறந்தது. சொல்லியிருந்தால் தங்கக் கலர் ஃபோர்க் வந்திருக்கும். வண்டியும் வீட்டில் இருந்திருக்கும். ஆனால் அந்த ஃபோர்க்கைக் கொடுப்பவனும் எடை என்னவென்று கேட்பான். இவரும் எழுபத்தெட்டு என்பார். பிறகு மறுபடி டங்.

ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் முன்னால் தன் வண்டியில் அதுகள் உட்கார்ந்திருந்த அழகை நினைத்து அவருக்குப் பொறாமையாக இருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"தொண்ணூத்தேழு, மணி."

"என்னுங்க?"

"தொண்ணூத்தேழு கிலோ. டைஃபாய்டுக்கு அப்பறம் ஒரு நாள்கூட நான் எழுபத்தெட்டு இல்ல. கையில தட்டு விழுகல. இங்கதான் விழுந்தேன்."

சொல்லிவிட்டு வண்டியின் பெட்ரோல் டேங்கைத் தடவினார். விடைகொடுக்கிற மாதிரிதான் இருந்தது.

வசந்தாமணி அவர் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள்.

"உங்க பேண்ட்டையெல்லாம் யாரு பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கறான்னு நெனச்சீங்க? எடை எனக்குத் தெரியாதுங்களா? நீங்களா சொல்லட்டும்னுதான் வண்டிய விக்காம விட்டு வெச்சிருந்தேன்" என்றவளுக்குக் குரல் உடைந்தது. "கைதான் தெரியாது. எடைய மறைக்கிறவரு நாளைக்கு மண்டைல அடிபட்டாலும் மறைப்பாரேன்னுதானுங்க எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல."

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"வண்டி?"

"நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்."

ஜெசிந்தா ஷெட்டுக்குள் போய் அலமாரிக்கு மேலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினாள். ஊதினாள். தூசி பறந்தது. ஒரு சிலந்தி இறங்கி ஓடியது. உள்ளே முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று என்று தடித்த கம்பியில் மூன்று ஸ்பிரிங்குகள். பொழுது சாய்வதற்குள் மாட்டி முடித்தாள். சென்னியப்பனை ஏறச் சொல்லி அளந்தாள். அரைச் சாண்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸில் அவர் வண்டி பெரிய மேட்டில் எழும்பியபோது வசந்தாமணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். டங் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அது வரவில்லை என்று நிச்சயமான பிறகுதான் கண்ணைத் திறந்தாள். அதற்குள் அவர் அடுத்த வளைவில் இருந்தார்.

கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தார். கடைசி ஆள் ஒரு பல் டாக்டர். அவருக்கு வண்டி நடுவழியில் நின்றுபோயிருந்தது. சென்னியப்பன் உலகத்தையே ஜெயித்தவர்போல இரண்டு கையையும் தூக்கினார்.

வசந்தாமணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"வண்டி இருந்துட்டுப் போகட்டும். தேங்காய் பன்னுதான் இனி வீட்டுலயும் ஆகாது, கடையிலயும் ஆகாது."

"கடையே அதுலதான் மணி ஓடுது!"

"விக்கறதுக்கு ஆகும். உங்க வாய்க்குத்தான் ஆகாதுன்னேன்."

கூட்டம் கலைந்த பிறகு சென்னியப்பன் ஷெட்டுக்கு வந்தார். ஜெசிந்தா ஸ்பேனர்களைத் துடைத்துக் கோப்பைகளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"குருவே, ஒண்ணு கேக்கோணும். அந்த டப்பா மேல அத்தனை தூசி இருந்துச்சே. அது எப்ப வாங்குனதுங்க?"

"நீங்க மொத நாள் வந்து வண்டியில ஏறி உக்காந்தீங்கல்லங்ணா, அன்னைக்குச் சாயங்காலம்."

"அடக் கொடுமையே! அப்பவே மாட்டியிருக்கலாமுல்லீங்க? என் பல்லு, என் கை..."

ஜெசிந்தா கடைசி ஸ்பேனரையும் துடைத்து உள்ளே போட்டாள்.

"யாருக்குன்னு மாட்டறதுங்ணா? இத்தனை நாளா இங்க வந்துட்டு இருந்தவரு எழுபத்தெட்டு கிலோ. தொண்ணூத்தேழு கிலோக்காரரு நேத்துத்தானே வந்தாரு."