மில்டாவுக்குக் கோல் பிடித்தவள்

"சுவர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் வைவா.

"தெரியாது" என்றாள் மில்டா.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்காக வைவா லிதுவேனியாவின் பாதியை ரயிலில் கடந்து வந்திருந்தாள். பதில் ஒரே சொல்லில் முடிந்துவிட்டது.

வைவா மல்லாந்து நீந்தும் போட்டிகளில் பெயர் வாங்கியவள். பள்ளியில் படிக்கும்போதே நாட்டின் சாம்பியன் ஆனாள். பிறகு ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம் வென்றாள். அவள் படம் போட்ட சுவரொட்டி சொந்த ஊரான பானெவேஜிஸின் நீச்சல்குள வாசலில் இன்னமும் இருக்கிறது. கொஞ்சம் வெளுத்துவிட்டது, அவ்வளவுதான்.

மல்லாந்து நீந்துகிறவர்களுக்குப் போகிற வழி தெரியாது. கண்ணுக்குத் தெரிவது கூரை மட்டும். சுவருக்குச் சற்று முன்னால், தலைக்கு மேலே, கயிற்றில் சிறு கொடிகள் தொங்கும். கொடியைக் கண்டதும் கைவீச்சுகளை எண்ணத் தொடங்க வேண்டும். எண்ணி முடிக்கும்போது கை சுவரைத் தொடும்.

ஒரு போட்டியின் முடிவில் வைவா தப்பாக எண்ணிவிட்டாள். கைக்குப் பதிலாகத் தலை சுவரைத் தொட்டது.

தையல் போட்ட இடத்தில் முடி வளர்ந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து, கொடி தெரிந்ததுமே அவள் கழுத்து தானாகத் திரும்பிப் பார்த்தது. அப்படித் திரும்பும்போது உடல் சற்றே அமிழும். அதற்குள் பக்கத்துத் தடத்துப் பெண் சுவரைத் தொட்டிருப்பாள்.

பயிற்சியாளர் கெஞ்சிப் பார்த்தார். திட்டிப் பார்த்தார். இன்னும் கவனமாக எண்ணு என்றார். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது, அதை நம்பத்தான் முடியவில்லை என்றாள் வைவா. வசந்தத்தில் கௌனாஸ் நகரில் ஒலிம்பிக் அணிக்கான தேர்வு. அவள் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. திரும்பிப் பார்த்தால் அணியில் இடமில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் யாரோ மில்டாவின் பெயரைச் சொன்னார்கள். கிளைபேடா துறைமுக நகரில் இருக்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். பார்வையற்றோர் பந்தயங்களில் இதே மல்லாந்த நீச்சலில் பதக்கங்களை அள்ளியவள். வயதும் ஏறக்குறைய வைவாவின் வயதுதான்.

"உங்களுக்குப் பயமாக இல்லையா?" என்று வைவா மறுபடி கேட்டாள்.

குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மில்டா எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டே மூலைக்குப் போனாள். அங்கே சாய்த்து வைத்திருந்த ஒரு நீளமான கோலை எடுத்துவந்து வைவாவின் கையில் கொடுத்தாள். கோலின் நுனியில் ஒரு டென்னிஸ் பந்து செருகியிருந்தது.

பார்வையற்றவர்கள் நீந்தும்போது குளத்தின் விளிம்பில் ஒருவர் கோலோடு நிற்பார். சுவர் நெருங்கும் நேரம் பார்த்து நீந்துபவரின் தலையில் மெல்லத் தட்டுவார். தட்டு விழுந்தால் அடுத்த வீச்சில் சுவர் என்று அர்த்தம். மில்டாவுக்கு அவள் தம்பி தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஸ்வீடன் போகும் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது.

"நான் கேட்டது..." என்று இழுத்தாள் வைவா.

"காதில் விழுந்தது. எனக்குக் கண்தான் இல்லை" என்று சொல்லிவிட்டு மில்டா தண்ணீரில் குதித்தாள்.

எதிர்முனைக்குப் போய், அங்கிருந்து மல்லாந்தபடி வேகமாக வந்தாள். வைவா கோலை நீட்டித் தட்டினாள். மில்டா கையை எட்டி வீசினாள். கை வெறும் தண்ணீரில் விழுந்தது. அவள் நின்று, நடந்து வந்து, சுவரைத் தொட்டாள்.

"ஏன் அவ்வளவு சீக்கிரம் தட்டினாய்?"

"தலை இடித்துவிடுமோ என்று பயம்."

"யார் தலை?"

வைவாவின் கை தன் தலையில் தையல் போட்ட இடத்துக்குப் போனது.

"அது உன் தலை. எனக்கு என் தலை இருக்கிறது. அதைத் தட்டு."

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே கதை. வைவாவின் கை முந்திக்கொண்டே இருந்தது. மில்டாவின் வாயும் சும்மா இருக்கவில்லை. என் தம்பி ஸ்வீடனில் நின்றுகொண்டே இதைவிட நன்றாகத் தட்டுவான் என்றாள். ஐரோப்பாவின் வெண்கலம் என் தலையில் விழ வேண்டும் என்று விதி இருந்திருக்கிறது, ஆனால் சுவர் பக்கத்தில் விழுந்தால் நன்றாக இருக்கும் என்றாள்.

ஒருநாள் வைவாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊருக்குப் போகிறேன் என்று துண்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள்.

மில்டா தடுக்கவில்லை. கோலை மட்டும் அதே மூலையில் வைத்துவிட்டுப் போ, இல்லாவிட்டால் நான் தேட வேண்டியிருக்கும் என்றாள். குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை.

வைவா கோலோடு மூலை வரைக்கும் போனாள். யாரும் பிடிக்க வராத கோல் அங்கே எத்தனை நாள் சாய்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பிறகு கோலோடு திரும்பி வந்து விளிம்பில் நின்றுகொண்டாள்.

"இன்னும் ஒரு தடவை" என்றாள்.

அந்தத் தடவைதான் அவளுக்கு ஒன்று புலப்பட்டது. இத்தனை நாளும் அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சுவர் எங்கே போய்விடும்? வருகிறவள் மில்டா. அவள் பார்வையை மில்டாவின் தோள்களுக்கு நகர்த்தினாள். வலது தோள் எழும் விதம், இடது கை சற்றுத் தாமதித்து இறங்கும் விதம் எல்லாம் மெல்லத் தெரியத் தொடங்கின.

தெரிந்த மகிழ்ச்சியில் ஒருநாள் தட்டுவதற்குக் கண்சிமிட்டும் நேரம் பிந்திவிட்டாள். மில்டாவின் விரல்கள் சுவரில் மோதின. சத்தம் கேட்டது. வைவா கோலைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். நடுவிரல் அதற்குள் வீங்கியிருந்தது.

மன்னிப்புக் கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மில்டா வீங்கிய விரலை வாயில் வைத்துச் சப்பினாள். பிறகு கோலை எடு என்று கைகாட்டிவிட்டு எதிர்முனைக்குப் போனாள். அங்கிருந்து முன்பு வந்த அதே வேகத்தில் வந்தாள்.

இம்முறை தட்டு சரியான இடத்தில் விழுந்தது.

"கொஞ்சம் மெதுவாக வந்திருக்கலாமே" என்றாள் வைவா.

"எதற்கு? கோல் உன் கையில்தானே இருக்கிறது?"

குளிர்காலம் முழுவதும் வைவா அந்த ஊரிலேயே தங்கிவிட்டாள். நீந்தப் போனாயா, கோல் பிடிக்கப் போனாயா என்று பயிற்சியாளர் தொலைபேசியில் கத்தினார். இரண்டும்தான் என்றாள். மில்டா குளத்தைவிட்டு ஏறியதும் வைவா இறங்கி நீந்துவாள். உடம்பு நன்றாகத் தேறியிருந்தது. கழுத்து மட்டும் திருந்தவில்லை. கொடியைக் கண்டால் இன்னமும் திரும்பியது.

தேர்வு நாள் வந்தது. மில்டாவும் பேருந்து பிடித்துக் கௌனாஸுக்கு வந்தாள். போட்டியாளர்களை அழைக்கும் அறைக்கு வெளியே, ஈரமான தாழ்வாரத்தில், இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மில்டா, உனக்கு நான் இருந்தேன். எனக்கு யார் தட்டுவார்கள்?"

மில்டா அவள் பக்கம் திரும்பினாள்.

"குளிர்காலம் முழுக்க எனக்கு ஒருத்தி தட்டினாளே, அவள் எப்படி?"

"எப்படி என்றால்?"

"அவளை நம்பி முழு வேகத்தில் போகலாமா?"

வைவா அந்த வீங்கிய விரலையும் எண்ணிப் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த நாட்களையும் எண்ணிப் பார்த்தாள்.

"போகலாம்" என்றாள்.

"அப்படியானால் அவளைக் கூட்டிக்கொண்டு போ."

உள்ளே வைவாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

தண்ணீர் குளிர்ந்திருந்தது. கூரை வெள்ளையாகப் பின்னோக்கி ஓடியது. ஒரு பக்கம் யாரோ நெருங்கி வரும் அலை அவள் காதில் மோதியது. கடைசிக் கொடிகள் தலைக்கு மேலே வந்தன, போயின. வலது தோள் எழுந்தது, இடது கை இறங்கியது.

சுவர் உள்ளங்கையில் பளாரென்று பட்டபோதுதான், தான் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.